டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இரண்டு பிழைகள்: மனைவிக்கு வயது கூடிவிட்டது, எனக்குக் காயமே இல்லையாம்

தோள்பட்டை:

அனைவருக்கும் வணக்கம். 1979இல் காலாட்படையில் சேர்ந்து 1996இல் லான்ஸ் நாயக்காக வெளியே வந்தவன். பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறு இடத்தில்.

போன நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கச் சேவை மையத்துக்குப் போனேன். ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் என் கணக்கைத் திறந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, பாட்டி உங்களைவிடப் பதினான்கு வயது மூத்தவரா?" என்று கேட்டான். எட்டிப் பார்த்தேன். நான் பிறந்தது 1960, மனைவி பிறந்தது 1964. அங்கே 1946 என்று இருக்கிறது. பெயரிலும் ஓர் எழுத்து கூடுதல். வீட்டுக்கு வந்து சொன்னேன். "மூத்தவள் என்று தெரியாமல்தான் இத்தனை நாள் என்னை அதட்டிக்கொண்டிருந்தீர்களா?" என்று சிரித்தாள்.

இரண்டாவது பிழைக்குச் சிரிப்பு வரவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காயங்கள் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் 'நில்' என்று எழுதியிருக்கிறது. ஒன்றுமில்லை என்று பொருள். தமிழில் படித்தால் வேறு பொருள் வருகிறது. நானும் அந்தச் சொல்லின் முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குள் முன்னேறியபோது, உரும்பிராய்ப் பக்கம், இடது தோளில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. தமிழ் தெரிந்தவன் என்று எந்த வீட்டு வாசலிலும் என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். பலாலியிலிருந்து விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரம் படுக்கை. 1996இல் வெளியேறும்போது மருத்துவக் குழு 'தோள் இறுக்கம், 20 சதவீதம்' என்று எழுதிவிட்டு, பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று முடித்துவிட்டது. காயத்துக்குப் பதிவு எங்கே என்று கேட்டார்கள். சட்டையைக் கழற்றிக் காட்டினேன். பதிவைக் கேட்டால் உடம்பைக் காட்டுகிறாயே என்றார்கள்.

என் ஆர்மி நம்பர் \*\*\*\*\*\*\*\*. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்:

ஐயா, உங்கள் ஆர்மி நம்பரை மறைத்துவிட்டேன். ஆர்மி நம்பர், பட்டாலியன் பெயர், பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) எண், ஆதார் எண் எதையும் இங்கே எழுத வேண்டாம். பென்ஷன் கணக்குகளைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களைத்தான் மேய்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும்.

ஹவில்தார் வீட்டம்மா:

அண்ணா, நடைமுறை சொல்லப் பலர் வருவார்கள். ஒன்றே ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். மனைவியின் பெயரை முதலில் திருத்துங்கள். காயம் காத்திருக்கும்.

என் வீட்டுக்காரர் போனபோது அவர் புத்தகத்தில் இருந்தது என் கூப்பிடு பெயர். கல்யாணம் ஆன புதிதில் யாரோ கேட்டிருக்கிறார்கள், இவரும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆதாரில், ரேஷன் கார்டில், வங்கியில் எல்லாம் என் பள்ளிப் பெயர். இரண்டு பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்கப் பதினான்கு மாதம் ஆனது. தாசில்தார் அலுவலகம், நோட்டரி, இரண்டு சாட்சிகள், அவருடன் வேலை பார்த்த ஒருவரின் கடிதம். அவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். "இவள்தான் என் மனைவி" என்று சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தானே. அவர் போன பிறகு அதை ஊரே கூடிச் சொன்னாலும் போதவில்லை.

டைப்ரைட்டர் சுபேதார்:

அம்மா சொல்வதுதான் சரியான வரிசை. நான் இருபத்தாறு வருடம் பட்டாளத்தில் கிளர்க். பாபு என்பார்கள். எங்களைத் திட்டாத சிப்பாய் கிடையாது, திட்டுவதில் நியாயமும் உண்டு.

தோள்பட்டை, நீங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்று யோசிக்கிறீர்கள். அது கிளை. வேர் பார்ட் டூ ஆர்டர். பட்டாளத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆனாலும், பிள்ளை பிறந்தாலும், விடுப்பில் போனாலும், குண்டு பட்டாலும் யூனிட்டிலிருந்து பார்ட் டூ ஆர்டர் வெளியாக வேண்டும். அது ரெக்கார்டு ஆபீசுக்குப் போய் ஷீட் ரோலில், அதாவது அவனுடைய பணிப் பதிவேட்டில், ஏறும். அதைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புத்தகம் எழுதுவார்கள், அதிலிருந்துதான் பிபிஓ. ஆக, 1946 எங்கே புகுந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். கல்யாண பார்ட் டூ ஆர்டரிலேயே தவறா, அல்லது அது சரியாக இருந்து புத்தகம் எழுதியவர் தவறினாரா? இரண்டாவது என்றால் வேலை சுலபம்; அவர்கள் கையில் இருக்கும் தாளே உங்களுக்குச் சாட்சி.

மனைவி விஷயத்துக்கு வேண்டியவை: பெயரும் பிறந்த தேதியும் குறித்து மாஜிஸ்திரேட் அல்லது நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், ஆதார், பான், அவர் பள்ளிக்குப் போயிருந்தால் பள்ளிச் சான்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், பிபிஓ நகல், இருவரும் சேர்ந்திருக்கும் புகைப்படம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தால் சரிபார்த்து ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புவார்கள். எந்த ஆபீஸ் என்பது படைப்பிரிவைப் பொறுத்தது: மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ. என்ற மின், இயந்திரப் பொறியியல் படைக்கு செகந்தராபாத். அவர்கள் ஏற்றுக்கொண்டால் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறைப் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதுவார்கள். அங்கிருந்து திருத்த பிபிஓ வரும். அதுவரை ஸ்பர்ஷில் நீங்களே தட்டித் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

தோள்பட்டை:

சுபேதார் சாப், நன்றி. தங்கையே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தோள்தான் முதலில். வயதாகிறது. போரில் காயம்பட்டவர்களுக்குப் பராக்ரம் பதக்கம் உண்டு. என் அருகில் இருந்தவனுக்குக் காலில் பட்டது, அவனுக்குப் பதக்கம் வந்தது. அவன் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். நல்ல மனிதன், எப்போது போனாலும் அதைக் கண்ணில் படாதபடி காலண்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டு எனக்கு நாற்காலி போடுவான். அதுதான் தாங்கவில்லை.

கடைக்குட்டி:

ஐயா, என் தாத்தாவும் படைவீரர்தான். ஒரு தகவல். அமெரிக்காவில் ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே சட்டப்படி தனி வாரியங்கள் இருக்கின்றன. பிழையைக் கண்டுபிடித்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும், நியாயம் இருந்தால் அந்தக் கெடுவையும் தளர்த்துவார்களாம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் அவர்களுடைய ஆவணக் காப்பகம் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. அப்படி எரிந்தவர்களுக்குக்கூட சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு போன்ற வேறு தாள்களை வைத்துப் பணி விவரத்தை மறுபடி கட்டியெழுப்பித் தருகிறார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு வாரியம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

டைப்ரைட்டர் சுபேதார்:

தம்பி, இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். இங்கே ரெக்கார்டு ஆபீஸ், அதற்குமேல் மேல்முறையீடு, அதற்குமேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று பயன்படும். ஒரு கோப்பு இல்லையென்றால் பக்கத்துக் கோப்பில் தேட வேண்டும். காயம்பட்டவன் விமானத்தில் ஏறியிருக்கிறான், மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறான், சம்பளம் வாங்கியிருக்கிறான், பிறகு உடல்நல விடுப்பில் போயிருக்கிறான். விடுப்புக்குக்கூட பார்ட் டூ ஆர்டர் உண்டு. தோள்பட்டை, உங்கள் ஷீட் ரோலில் 1987 கடைசியில் உடல்நல விடுப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை உடைசலுக்கு விடுப்பு கொடுத்தவன், உடைசலை எழுதாமல் விட்டிருந்தால் அதுவே ஒரு கேள்வி.

ரன்வே:

நான் விமானப்படை. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை வருடம் கழித்துப் போர்க்காயம் கேட்பது பதக்கத்துக்கா, பணத்துக்கா? போர்க்காயம் என்று ஆகிவிட்டால் பென்ஷனில் ஊனத்துக்கான பங்கு இரட்டிப்பாகும், 20 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்படும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர் இதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள்! மனைவி விஷயத்தில் இன்னொன்று. 80 வயதானால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 1946 என்றே விட்டுவிட்டால் அம்மாவுக்குப் பதினெட்டு வருடம் முன்னதாகவே வந்துவிடுமே, லாபம்தானே?

தோள்பட்டை:

பணம் வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என் தோளில் பட்டது, உங்கள் பையிலிருந்து வரவில்லை. இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் 38 வருடமாகச் சட்டை போடுகிறேன், முதலில் இடது கை, பிறகு தலை, பிறகு வலது. பேரன் அதைப் பார்த்துவிட்டு அவனும் அப்படியே போடப் பழகியிருக்கிறான். இதில் தொழில் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஹவில்தார் வீட்டம்மா:

ரன்வே ஐயா, லாபம் என்று நீங்கள் விளையாட்டாகச் சொன்னாலும் யாராவது நம்பிவிடப் போகிறார்கள். ஆதாரில் ஒரு தேதி, பென்ஷனில் வேறு தேதி என்றால் கூடுதல் தொகை வராது, இருக்கிற தொகையும் நின்றுபோகும். எனக்கு நின்றது.

ரன்வே:

மன்னியுங்கள். இரண்டும் தவறு. என் தோழர்களில் இரண்டு பேர் செய்ததைப் பார்த்த எரிச்சலில் எழுதிவிட்டேன்.

பழைய பீரங்கி:

இடையில் என் கேள்வி. என்னுடைய பிறந்த தேதியே தவறு. பள்ளிச் சான்றில் 1959, பட்டாளத்தில் 1957. ஆள் சேர்ப்பில் வயது போதவில்லை என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த தேதி. ஓய்வு பெற்று இருபது வருடமாகிறது. திருத்த முடியுமா?

மாலதியின் மருமகள்:

நான் சட்டம் படித்தவள், மாமனார் முன்னாள் படைவீரர். ஐயா, இதை விட்டுவிடுங்கள். பணியில் சேர்ந்தபோது நீங்களே கொடுத்த பிறந்த தேதியைப் பணிக்காலத்தின் கடைசியில்கூட மாற்ற நீதிமன்றங்கள் இடம் கொடுப்பதில்லை. ஜெனரல் வி.கே.சிங் விவகாரம் நினைவிருக்கும். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தவர். ராணுவத்தின் ஒரு பிரிவில் அவர் பிறந்தது 1951 மே 10, இன்னொரு பிரிவில் 1950 மே 10. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போனார், பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், மே 31 அன்று ஓய்வு பெற்றார். தளபதிக்கே அந்த முடிவு. உங்கள் விஷயத்தில் வேறு சிக்கலும் இருக்கிறது: வயதைக் கூட்டிச் சேர்ந்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாக ஆகிவிடும். எப்படியும் பென்ஷன் பதிவிலும் ஆதாரிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தோள்பட்டை ஐயாவுக்கு: தாமதம் என்று சொல்லித் தள்ளுவார்கள், பயப்படாதீர்கள். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்க வேண்டியதில்லை, ஆனால் நிலுவை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரும் 1983இல் வெளியேற்றப்பட்டு 1999இல் நீதிமன்றம் போன ராணுவ வீரர்தான். 2013 தரம்வீர் சிங் தீர்ப்பும் உங்களுக்கு உதவும்: சேரும்போது இல்லாத குறை பிறகு வந்திருந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்றால் காரணம் காட்ட வேண்டியது அவர்கள். ஆக இரண்டு படிகள் உண்டு. பணியால் ஏற்பட்டது என்பதற்கு இந்தத் தீர்ப்பே நல்ல பிடி. போர்க்காயம் என்பதற்குத் தீர்ப்பு போதாது, அந்தக் காலத்துத் தாள் வேண்டும்.

தாளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய், முப்பது நாள். தரகர் யாரிடமும் போகாதீர்கள்; நிலுவையில் பங்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தோள்பட்டை:

மகளே, அந்தப் பத்து ரூபாயை ஏற்கெனவே கட்டிவிட்டேன். பதில் நேற்று வந்தது. ஒரே வரி: 'மேற்கண்ட எண்ணுடைய படைவீரர் குறித்துக் காயம் பற்றிய பார்ட் டூ ஆர்டர் எதுவும் பதிவில் இல்லை.' உடல்நல விடுப்பு மட்டும் ஷீட் ரோலில் இருக்கிறது, 1987 டிசம்பர், நாற்பத்திரண்டு நாள். எதற்கு என்று எழுதவில்லை. கல்யாண பார்ட் டூ ஆர்டரின் நகலும் அனுப்பியிருக்கிறார்கள். அதிலேயே 1946தான். யூனிட்டிலேயே தவறு.

டைப்ரைட்டர் சுபேதார்:

இரவெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

1964ஐ 1946 என்று அடித்திருக்கிறான் உங்கள் யூனிட் கிளர்க். அது அறியாமை அல்ல, விரல் பழக்கம். சிலருக்கு அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறும், அது சாகும்வரை போகாது. அதே ஆள் 1987இலும் அந்த மேசையில் இருந்திருந்தால்? உங்கள் நம்பரை நான் பார்க்கவில்லை, எழுதவும் வேண்டாம். அதில் 64 என்றோ 46 என்றோ வருகிறதா?

ஆர்மி நம்பரின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும் அல்லவா, அது அழகுக்கு இல்லை. முன்னால் இருக்கும் இலக்கங்களைக் கணக்குப் போட்டு வரும் எழுத்து. இலக்கம் மாறினால் எழுத்து ஒட்டாது. ஒட்டாவிட்டால் ரெக்கார்டு ஆபீஸ் அந்த ஆர்டரை ஏற்காமல் 'சரிசெய்து அனுப்பு' என்று யூனிட்டுக்குத் திருப்பிவிடும். யூனிட் அப்போது எங்கே இருந்தது? நேற்று ஒரு பள்ளிக்கூடம், இன்று ஒரு நெல் கிடங்கு. எங்கள் ஆபீஸ் என்பது ஒரு தகரப் பெட்டியும் ஒரு டைப்ரைட்டரும்தான். அரிக்கேன் விளக்கில் கார்பன் தாள் சுருண்டுகொள்ளும். திரும்பி வந்த தபால்களைப் பெட்டியின் அடியில் போட்டோம், ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஊர் போனபோது வேறு வேலை இருந்தது.

மறுபடி மனு போடுங்கள். உங்கள் நம்பரைச் சொல்லிக் கேட்டால் உங்கள் நம்பரில்தான் தேடுவார்கள். அப்படிக் கேட்காதீர்கள். 'இந்த யூனிட், 1987 அக்டோபர் முதல் 1988 மார்ச் வரை, காயம் தொடர்பாக வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர்களில் இன்ன பெயர் வரும் பக்கமும், ஏற்காமல் திருப்பப்பட்டவற்றின் பட்டியலும்' என்று கேளுங்கள். காய அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு, ஒய் 2006 என்போம், அதன் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் பென்ஷன்காரர் என்பதால் கோப்பு இருக்கும். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுடையதை 25 ஆண்டில் அழித்துவிடுவது விதி.

தோள்பட்டை:

சாப், என் நம்பரில் 64 வருகிறது. கை நடுங்குகிறது. நாளைக்கே அனுப்புகிறேன்.

தோள்பட்டை (ஐந்து மாதம் கழித்து):

தங்கைக்கு முதல் செய்தி. திருத்த பிபிஓ வந்துவிட்டது. பெயரில் கூடுதல் எழுத்து போய்விட்டது, ஆண்டு 1964. அதே சேவை மையத்துப் பையனிடம் காட்டினேன். "பாட்டி சின்னப் பெண் ஆகிவிட்டாரே" என்றான்.

இரண்டாவது செய்தி. ரெக்கார்டு ஆபீசிலிருந்து மூன்று நகல்கள் வந்தன. 1987 நவம்பர் தேதியிட்ட பார்ட் டூ ஆர்டர். வரிசையில் ஏழாவது என் பெயர். 'சிதறல் காயம், இடது தோள், எதிரி நடவடிக்கையின்போது' என்று அடித்திருக்கிறது. நம்பரில் 64 இருக்க வேண்டிய இடத்தில் 46. ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் 'திருப்புக' என்று முத்திரை. சாப், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொன்னீர்கள்.

போர்க்காயமாக அறிவிக்கக் கேட்டு அந்த நகலோடு மனு கொடுத்திருக்கிறேன். நடவடிக்கையில் இருக்கிறது என்று மட்டும் பதில். தீர்ப்பாயம் போக வேண்டி வந்தால் இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்று மாலதியின் மருமகள் எனக்குத் தனியே சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன். நகலை லேமினேட் செய்ய வேண்டாம் என்று மனைவி தடுத்துவிட்டாள், மை ஒட்டிக்கொள்ளுமாம்.

ஹவில்தார் வீட்டம்மா:

அண்ணா, கண் கலங்கிவிட்டது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ரன்வே:

வாழ்த்துகள். பதக்கம் வந்தால் படம் போடுங்கள். காலண்டருக்குப் பின்னால் மாட்டாதீர்கள்.

டைப்ரைட்டர் சுபேதார்:

மிக்க மகிழ்ச்சி. ஒன்று கேட்கிறேன். அந்த ஆர்டரின் கீழே இடது மூலையில், அடித்தவரின் பெயர்ச் சுருக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். என்ன எழுத்துகள்?

தோள்பட்டை:

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் சாப். இரண்டு எழுத்துகள். முதலாவது நகலில் அழிந்திருக்கிறது, இரண்டாவது 'எஸ்' போல இருக்கிறது. எதற்கு?

டைப்ரைட்டர் சுபேதார்:

சும்மாதான் கேட்டேன். என் பெட்டியில் அந்தக் காலத்து டைரிகள் இரண்டு கிடக்கின்றன. மட்டுறுத்துநர் அனுமதித்தால் உங்கள் பட்டாலியன் பெயரை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.